கதவைத் தட்டிய மூவர்
டொக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை

வேலூர் என்ற பெயரைக் கேள்விப்படாத குடும்பங்கள் எங்கள் ஊர்களில் குறைவு. இங்கே குணமாகாத நோய்க்கு மருந்து தேடிக் கடல் கடந்து போகின்றவர்கள் பலர் அந்த ஊரின் பெயரைத்தான் சொல்கின்றார்கள். போய் வந்தவர்கள் அங்குள்ள பெரிய கட்டடங்களையும் நீண்ட வரிசைகளையும் பற்றிக் கதைப்பார்கள். அந்த வைத்தியசாலை ஒரேயொரு கட்டிலுடன் ஆரம்பமானது என்பதையும், அதை ஆரம்பித்தவர் ஒரு பெண் என்பதையும், அவரை வைத்தியராக்கியவர்களுள் ஒருவர் பெயர் தெரியாத ஒரு முஸ்லிம் பெண் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான், அந்த வைத்தியர் டொக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையை இங்கே எழுதுகின்றேன்.

ஐடா ஸ்கடரின் குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அவரது பாட்டனார் ஜோன் ஸ்கடர் ஒரு வைத்தியர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர். 1819 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் வைத்தியம் செய்தார். 1836 இல் சென்னைக்குப் போனார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தென்னிந்தியாவிலேயே பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருவரான இரண்டாவது ஜோன் ஸ்கடரின் ஒரே மகளாக, 1870 டிசம்பர் 9 ஆம் திகதி இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

அவருக்கு ஆறேழு வயதாக இருந்தபோது சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் இறந்தனர். பட்டினியால் வாடிய பிள்ளைகளுக்குச் சிறுமி ஐடாவும் தன் கையால் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தார். அந்தக் காட்சி அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. ஆனால் அது அவரைச் சேவைக்கு இழுக்கவில்லை, தூரத்துக்கே தள்ளியது. பஞ்சமும் நோயும் வெயிலும் நிறைந்த இந்த மண்ணுக்கு இனி வரவே கூடாது என்ற எண்ணத்துடன் அவர் அமெரிக்காவில் வளர்ந்தார். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் படித்தார். குடும்பத்தில் ஏறக்குறைய எல்லோரும் மிஷன் வேலைக்குப் போயிருந்தாலும், தான் போவதில்லை என்று உறுதியாக இருந்தார். படிப்பு முடிந்ததும் அமெரிக்காவிலேயே திருமணம் செய்து வசதியாக வாழ்வதுதான் அவருடைய கனவு. எங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தி அப்படி நினைத்ததில் வியப்பேதும் இல்லை.

1890 இல் தாயார் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. தாயைப் பார்த்துக்கொள்வதற்காக மட்டும், கொஞ்சக் காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடன் அவர் திண்டிவனத்துக்கு வந்தார். அங்கே தங்கியிருந்த காலத்தில் ஓர் இரவு நடந்த சம்பவம் அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

அன்றிரவு வீட்டுக் கதவைத் தட்டியவர் ஓர் இளம் பிராமணர். அவருடைய சிறு வயது மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஊர் மருத்துவச்சிகள் கைவிட்டுவிட்டார்கள். உதவிக்கு வரும்படி அவர் ஐடாவை வேண்டினார். தனக்கு வைத்தியம் தெரியாது, தன் தந்தைதான் வைத்தியர், அவரை அழைத்துப் போகலாம் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பது தங்கள் வழக்கத்தில் இல்லை என்று கூறிவிட்டு வந்தவர் போய்விட்டார்.

சற்று நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவருடைய மனைவிக்கும் அதே நிலைமை. ஐடா மீண்டும் தன் தந்தையைக் காட்டினார். தானும் கூடவே வந்து உதவுவதாகச் சொன்னார். குடும்பத்தைச் சேராத எந்த ஆணும் தன் மனைவியின் முகத்தைப் பார்த்ததில்லை என்று சொல்லி அவரும் திரும்பிப் போனார். மூன்றாவதாக வந்தவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு.

அந்த இரவு ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் சாவுப் பறையின் ஓசை கேட்டது. வேலையாள் ஒருவரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. அந்தக் காலையிலேயே, அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் கூறினார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் வழக்கமாக அந்த மூன்று கணவர்களையும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றார்கள். நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். அவர்கள் மனைவிமீது அன்பில்லாதவர்களா? அன்பில்லாதவர் நள்ளிரவில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார். அவர்கள் வைத்தியத்தை மறுக்கவும் இல்லை. வைத்தியத்தைத் தேடித்தான் வந்தார்கள். அவர்கள் வளர்ந்த வழக்கத்துக்கும் அங்கே கிடைத்த வைத்தியத்துக்கும் இடையில் ஒரு வாசல் மூடியிருந்தது. அதைத் திறக்க ஒரு பெண் வைத்தியர் தேவைப்பட்டார். அந்த ஊரில் அப்படி ஒருவர் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறு வழியில்லாத நிலையில் உயிரைக் காப்பதற்காக ஆண் வைத்தியரிடம் ஒரு பெண் சிகிச்சை பெறுவதை நமது மார்க்கம் தடுக்கவில்லை. நிர்ப்பந்தமான நிலையில் தடுக்கப்பட்டதும் ஆகுமாகும் என்பது மார்க்கச் சட்டத்தில் எல்லோரும் அறிந்த விதி. அந்த முஸ்லிம் கணவருக்கு அதை எடுத்துச் சொல்ல அந்த இரவில் யாரும் இருக்கவில்லை. உள்ளே வேதனையில் கிடந்த அந்தப் பெண்ணிடம் அவளுடைய விருப்பத்தை யாராவது கேட்டிருப்பார்களா என்பதும் என் மனதை விட்டுப் போகாத கேள்வி. மூன்று கணவர்கள் பேசினார்கள், ஐடா பேசினார். மூன்று பெண்களின் குரல் மட்டும் அந்தக் கதையில் எங்குமே இல்லை.

ஐடா 1895 இல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயோர்க்கின் கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளித்தபோது அங்கே மாறி, 1899 இல் பட்டம் பெற்றார். புறப்படுவதற்கு முன் வேலூரில் பெண்களுக்கான வைத்தியசாலை கட்டப் பணம் திரட்டினார். ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டொலர் கொடுத்தார். 1900 ஆம் ஆண்டின் முதல் நாள் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார்.

வந்த சில மாதங்களில் தந்தை இறந்துவிட்டார். அனுபவமுள்ள ஒருவரிடம் பழகித் தொழிலைத் தொடங்கலாம் என்றிருந்தவர் தனித்துப் போனார். ஆரம்பத்தில் நோயாளிகள் வரத் தயங்கினார்கள். வெள்ளைக்காரப் பெண், அதுவும் இளம் வயது, என்ன வைத்தியம் தெரியும் என்று சந்தேகப்பட்டார்கள். அவர் மனம் தளரவில்லை. வீட்டின் ஒரு சிறிய அறையே மருந்தகமானது. ஒரு கட்டில்தான் வைத்தியசாலை. சமையற்கட்டில் வேலை செய்தவரின் மனைவியான சலோமி என்ற பெண்ணுக்குக் கட்டுப் போடவும் மருந்து கொடுக்கவும் பழக்கினார். அவளே முதல் உதவியாளர். தமிழ் பேசும் வைத்தியரும் தமிழ்ப் பெண்ணான உதவியாளரும் இருக்கின்றார்கள் என்ற செய்தி மெல்ல மெல்லப் பரவியது. இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் பேருக்குச் சிகிச்சை அளித்தார். 1902 இல் 40 கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

வைத்தியசாலைக்கு வர முடியாதவர்களை அவர் மறக்கவில்லை. 1906 அளவில் கிராமங்களைத் தேடிப் போகும் பாதையோர வைத்தியத்தைத் தொடங்கினார். முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர் பிரான்சில் செய்யப்பட்ட ஒரு சிறிய பேஜோ காரிலும் குடியாத்தம் செல்லும் பாதையால் போவார். குறிப்பிட்ட மரங்களின் நிழலில் வண்டி நிற்கும். அந்த மரத்தடியில் மக்கள் கூடிக் காத்திருப்பார்கள். கண் நோய், புண், காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் அங்கேயே மருந்து. ஊரார் ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளும் அந்த மர நிழலுக்கு வந்தார்கள். நோயாளி தன்னிடம் வரவேண்டும் என்று காத்திருக்காமல், அவர்களுக்கு வசதியான இடத்துக்குத் தானே போனதில் அவருடைய தொழில் பண்பு தெரிகின்றது.

எத்தனை பேரைத் தனியொருவராகப் பார்க்க முடியும்? ஒரு பெண் வைத்தியர் போதாது என்பது அவருக்கு விரைவில் விளங்கியது. அமெரிக்காவிலிருந்து இன்னும் சிலரைக் கூட்டி வருவதும் முழுமையான விடை அல்ல. அந்த மண்ணின் பெண்களே அந்த மண்ணின் பெண்களைப் பார்க்க வேண்டும். 1909 இல் வேலூரில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமானது. தாதியர் பயிற்சி பெற்ற டெலியா ஹோட்டன் என்பவர் அதற்குத் துணை நின்றார்.

அந்த நாட்களில் தாதிப் பணி மதிப்பான தொழிலாக இருக்கவில்லை. பிறருடைய இரத்தத்தையும் மலசலத்தையும் தொடும் வேலை தீட்டு என்று பலர் கருதினார்கள். அந்நியரின் உடலைத் தொடும் பெண்ணை யார் மணமுடிப்பார்கள் என்றும் கேட்டார்கள். அதனால் நல்ல குடும்பத்துப் பெண்களை அந்தப் பணிக்கு அனுப்பத் தயங்கினார்கள். முதலில் துணிந்து வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். அவர்களுடைய துணிவில்தான் அந்தத் தொழிலின் மதிப்பு வளர்ந்தது.

1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையை ஐடா தொடங்கினார். பெண்களால் இந்தப் படிப்பை முடிக்க முடியுமா என்று அதிகாரிகளுக்கே ஐயம் இருந்தது. முதலாவது பரீட்சையில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், ஆண் மாணவர்களிலேயே ஐந்தில் ஒருவர்தான் சித்தியடைகின்றார் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தார்கள். முடிவு வந்தபோது வேலூர் மாணவியர் 14 பேரும் சித்தியடைந்திருந்தனர். பரீட்சைக் காலத்தில் மனம் சோரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினான்கு பேரின் நினைவு வரும்.

1938 இல் ஒரு சோதனை வந்தது. இனிப் பழைய சான்றிதழ்ப் படிப்பு செல்லாது, பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று சென்னை அரசாங்கம் அறிவித்தது. அதற்குப் புதிய ஆய்வுகூடங்களும் கூடுதல் ஆசிரியர்களும் பெருந்தொகைப் பணமும் தேவை. எழுபது வயதில் ஐடா அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் போதிய உதவி கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டது. பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரியில் ஆண்களுக்கு இடமளிப்பதா என்று அவருடைய பழைய ஆதரவாளர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். பெரும் மன வேதனைக்குப் பின் அவர் அதற்கு உடன்பட்டார். 1947 இல் முதலாவது ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். கல்லூரி மூடப்பட்டால் பெண்களுக்கும் வைத்தியர் இல்லை என்பதை அவர் எண்ணியிருப்பார் என்று நான் நினைக்கின்றேன்.

1946 இல் அவர் ஓய்வு பெற்றார். பின்னர் பொறுப்பு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் வைத்தியரின் கைக்குப் போனது. அவர் ஓய்வு பெற்ற ஆண்டில் அங்கே தாதியர் பட்டப்படிப்பும் தொடங்கியது. இந்தியாவில் அந்தப் படிப்பு முதலில் ஆரம்பமான இடங்களுள் வேலூரும் ஒன்று. 1960 மே 24 ஆம் திகதி, 89 ஆவது வயதில், கொடைக்கானலில் டொக்டர் ஐடா ஸ்கடர் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவர் கிறிஸ்தவர், தன் மதத்தைப் பரப்பும் நோக்கமும் அந்த மிஷனுக்கு இருந்தது. அதை மறைத்து எழுதத் தேவையில்லை. நமது நம்பிக்கை வேறு. ஆனாலும் அவரிடமிருந்து கற்கக்கூடியது உண்டு. நோயாளியின் வழக்கத்தைக் கேலி செய்துகொண்டு அவர் காலத்தைக் கழிக்கவில்லை. வழக்கம் அப்படித்தான், சாகட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. அந்த வழக்கத்துக்குள் வாழும் பெண்ணுக்கு வைத்தியம் எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டு, அதற்கான ஆளாகத் தன்னை ஆக்கிக்கொண்டார். பிறகு அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்கினார்.

இது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் உம்மம்மாவுக்கு நீரிழிவு. ரமழான் வந்தால் நோன்பு பிடித்தே ஆகவேண்டும் என்பார்கள். ஒருமுறை ஒரு வாட்டில் இருந்தபோது, காலைக் குளுசையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார்கள். அதைக் கண்ட ஒருவர் சொல்வழி கேளாத நோயாளி என்று ஏசிவிட்டுப் போனார். அடுத்த முறை வந்த தாதி திரையை இழுத்துவிட்டு, கட்டிலருகே அமர்ந்து, நோன்பா என்று மெதுவாகக் கேட்டார். அவர் நம்மவர் அல்லர். உடைந்த தமிழில்தான் பேசினார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று தான் கேள்விப்பட்டிருப்பதாகச் சொல்லி, வைத்தியரையும் அழைத்து வந்தார். மருந்தின் நேரத்தையும் அளவையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும், தானாக மாற்றினால் சீனி ஆபத்தான அளவுக்கு ஏறலாம் அல்லது இறங்கலாம் என்று விளக்கினார்கள். நோயாளிகள் வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்றலாம் என்று குர்ஆன் சொல்வதை உம்மாவும் நினைவூட்டினார். உம்மம்மா குளுசையை வாங்கிக் குடித்தார்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே மருந்துதான். ஒருவர் கேட்டார், மற்றவர் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நமது தாய்மாரைப் பார்க்கப் பெண் வைத்தியர் வேண்டும், பிரசவ அறையில் பெண்களே இருக்க வேண்டும், நமது பாஷையும் நோன்பும் தெரிந்த தாதி இருந்தால் நல்லது என்று நாம் எல்லோரும் ஆசைப்படுகின்றோம். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் அந்தப் பெண் யாருடைய வீட்டிலிருந்து வரவேண்டும்? வைத்தியருக்குப் படிக்கச் சொல்லும் பெற்றோரும் தாதியர் பயிற்சி என்றவுடன் முகம் சுளிக்கின்றார்கள். இரவு வேலை, சீருடை, திருமணம் என்று காரணங்கள் வருகின்றன. என் வீட்டிலும் அந்தப் பேச்சு நடக்கின்றது. வாப்பாவின் கவலை எனக்கு விளங்காமல் இல்லை. சீருடையைப் பற்றியும் இரவில் பாதுகாப்பாகப் போய்வருவதைப் பற்றியும் கேட்டுப் பேசித் தீர்க்க வேண்டியவை இருக்கின்றன. ஆனால் அவை தீர்க்கப்பட வேண்டிய பிரச்சினைகள். கதவை மூடிவிடுவதற்கான காரணங்கள் அல்ல. நபி (ஸல்) அவர்களுடைய காலத்தில் றுபைதா (ரழி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயப்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். தாதிப் பணி நமக்குப் புதியதும் அல்ல, அந்நியமானதும் அல்ல.

பரீட்சைப் பெறுபேறு எப்படி வந்தாலும், தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது என்று நான் முடிவு செய்திருக்கின்றேன். இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வரும்போது வாப்பாவும் இதை வாசிப்பார்கள். நள்ளிரவில் ஒருவர் வந்து கதவைத் தட்டினால், இதோ வருகின்றேன் என்று எழுந்து போகத் தெரிந்த பெண்கள் நமது வீடுகளிலும் இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், இருப்பார்கள்.